அங்க பாரு காக்கா

“முழுப் பதிவையும் எனக்குக் காட்டுங்க” என்றேன்.

மேசைக்கு அடியில் அம்மா என் தொடையைக் கிள்ளினாள். தரையில் அக்கா மகள் ஆதிரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எங்கள் வக்கீல் தனபாக்கியம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். “வேற எதை வேணாலும் கேளு சுடரு. முழுப் பதிவை மட்டும் கேட்டுறாத. உனக்கு உரிமை இருக்கு, இல்லைங்கல. ஆனா கேட்டது எழுத்துல ஏறும். வம்பு பண்ண வந்த கூட்டம்னு ஆயிப்போகும். அந்த வீட்டு வாசல்ல அப்புறம் காலு வைக்க முடியாது.”

கேட்டுவிட்டேன். வேறு வழி வைக்கவில்லை அவர்கள்.

எங்களுக்கு எதிரே மூன்று பேர். செத்துப்போன என் அக்கா மணிமொழியின் கணவர் நவநீதன். அவர் அம்மா ருக்மணி அத்தை. நீதிமன்றம் அனுப்பிய சந்திப்பு அலுவலர் பெனாசிர், என் வயதுதான் இருக்கும். மேசையின் நடுவில் ஒரே ஒரு தாள். ‘குழந்தைக்கு ஏழு வயது முடியும்வரை சந்திப்புகளை நிறுத்திக்கொள்ள முழு மனதோடு சம்மதிக்கிறோம்’ என்று அடித்து, கீழே மூன்று கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. காலையில் ஒட்டன்சத்திரத்தில் பஸ் ஏறி, கோயம்புத்தூரில் இரண்டு பஸ் மாறி, நாலாவது மாடியில் அவர்கள் வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்து முடித்தவுடன் அந்தத் தாளை நகர்த்தி வைத்தார் நவநீதன்.

“மாமா, உங்கள வேண்டாம்னு சொல்லல. நீங்க போனா மூணு நாள் இவ தூங்கறதில்ல. என்னால பாக்க முடியல.” அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பொய் சொல்லும் முகமில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

“நீங்க மூணு மணி நேரம் கொஞ்சிப்போட்டு போயர்றீங்க சம்பந்தி. அதுக்கப்பறம் அனுபவிக்கறது நாங்கதானுங்களே” என்றார் ருக்மணி அத்தை.

அந்த இடத்தில்தான் நான் கேட்டேன்.

பெனாசிர் தன் டேப்லெட்டை எடுத்தார். “கேட்டா நான் காட்டியாகணும். பதிவும் பண்ணியாகணும். கேட்டவர் பெயர்?”

“சுடர்க்கொடி. பி.எஸ்சி. புள்ளியியல்.”

“படிப்பு தேவையில்லைங்க.”

“போட்டுக்குங்க. எங்க வம்சத்துக்கே மொத டிகிரி அது. சும்மாதான் கெடக்குது.”

பெனாசிர் சிரிக்கவில்லை. ஆனால் எழுதிக்கொண்டார்.

ஆதிரையின் இடது கையில் சாம்பல் நிற ரப்பர் வளையம். அதில் கேழ்வரகு அளவுக்கு ஒரு விளக்கு. இப்போது பச்சை. முதல் சந்திப்பில் அப்பா அதைத் தொட்டுப் பார்த்து, “இது என்னம்மா?” என்று கேட்டதும், பெனாசிர் பொறுமையாகச் சொன்னதும் எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது.

“ஏழு வயசுக்குள்ள குழந்தையைக் கூண்டுல நிறுத்தி சாட்சி கேக்க முடியாதுங்கய்யா. முன்னாடியெல்லாம் ரெண்டு பக்கமும் வாய்க்கு வந்தபடி சொல்லுவாங்க. இப்ப குழந்தையோட உடம்பே சொல்லிடும். நாடித் துடிப்பு, வேர்வை, தூக்கம், எல்லாத்தையும் இது பாக்கும். யார் வந்தா குழந்தைக்குக் கஷ்டம்னு நம்பர் போட்டுக் கொடுத்திடும்.”

“பொய் சொல்லாதா?”

“சொல்லாது.”

“அப்ப நல்லதுதான்” என்று அப்பா சிரித்தார். “எம்பேத்தி எங்களுக்குத்தானே சாட்சி சொல்லுவா.”

நம்பர் நூற்றுக்கு. சந்திப்பு நேரமும் அதற்குப் பின் எழுபத்திரண்டு மணி நேரமும் சேர்த்து ஒரே நம்பர். அறுபதைத் தொடர்ந்து மூன்று முறை தாண்டினால் ஏழு வயது வரை சந்திப்பு கிடையாது. முதல் தடவை நாற்பத்து நாலு. அப்புறம் ஐம்பத்திரண்டு. அப்புறம் அறுபத்து மூன்று. போன தடவை எழுபத்தொன்று. இது ஐந்தாவது. வழக்குப் போட்டது நான். பேத்தியைக் கண்ணில் காட்ட மாட்டேன் என்கிறார்களே என்று கொதித்துப்போய், அப்பாவை இழுத்துக்கொண்டுபோய்க் கையெழுத்துப் போட வைத்ததும் நான். ஆக, இந்த வளையமும் என் புண்ணியம்தான்.

நம்பர் ஏற ஏற, குற்றம் எங்கள் பழக்கத்தில்தான் என்று நினைத்தோம். அப்பா காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். எண்பது கிலோ தக்காளிப் பெட்டி அடுக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு “ஓரம், ஓரம்” என்று கத்தி வழி விலக்கியே வளர்ந்த தொண்டை. அந்தத் தொண்டையை அடக்கப் பழகினார். பன்னிரண்டு கிலோவில் ஒரு பூசணிக்காயை வீட்டுக்குக் கொண்டுவந்து, மடியில் வைத்துக்கொண்டு, “கண்ணு, சாப்ட்டியா?” என்று அதனிடம் மெல்லக் கேட்டார். அடுப்படியிலிருந்து அம்மா, “சத்தம், சத்தம்” என்றாள். இன்னும் மெல்லக் கேட்டார். அம்மா தலைக்கு வைக்கிற எண்ணெயை மாற்றினாள். பிள்ளையின் கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பதை விட்டாள். ஒத்திகை முடிந்த பிறகு அந்தப் பூசணிக்காயை வெட்ட எங்கள் மூவருக்கும் மனசு வரவில்லை. மூலையில் இருந்து அழுகிப்போனது.

மூன்றாவது சந்திப்பில் அப்பா பிள்ளையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார். விளக்கு மஞ்சளானது. அதோடு சரி. அதற்கப்புறம் அவர் பிள்ளையைத் தூக்கவேயில்லை. அவளாக வந்து மடியில் உட்கார்ந்தால் உண்டு. ஊரில் இருக்கிற பாரத்தையெல்லாம் தூக்குகிற மனுஷன், கையைக் கட்டிக்கொண்டு பேத்திக்கு எதிரே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு நான் இருந்தேன்.

பெனாசிர் திரையை என் பக்கம் திருப்பினார். போன சந்திப்பின் கோடு.

மதியம் ஒரு மணி, நாங்கள் உள்ளே வந்தது. சின்ன மேடு. ஒன்றே முக்காலுக்குக் கூர்கூராக நாலைந்து ஏற்றம்.

“இது என்ன? நாங்க பயமுறுத்துனதா?”

“சிரிப்பா இருக்கலாம், பயமா இருக்கலாம். வளையத்துக்கு ரெண்டும் ஒண்ணுதான். பத்து நிமிஷத்துக்குள்ள எறங்கிட்டா நம்பர்ல சேராது.”

“எல்லாமே எறங்கிருக்கு.”

“ஆமா.”

இரண்டரையிலிருந்து மூன்றே கால் வரை கோடு ஏரித் தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. எனக்குத் தெரியும் அந்த நேரம். அப்பா மடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். பெனாசிர் விரலால் கோட்டை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். முதல் தடவையாக அவர் குரல் அலுவலகக் குரலாக இல்லை.

“இந்த ரெண்டு மாசத்துலயே இதுதாங்க ஆகக் கீழ. இவங்க வீட்ல தூங்குற ராத்திரிகளைவிடக் கீழ.”

“கேட்டுக்கிட்டியாப்பா?” என்றேன். அப்பா கேட்டுக்கொண்டார். குனிந்து பிள்ளையின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டார்.

நாலு மணி வரைக்கும் கோடு சமமாக ஓடியது. நாலு பத்துக்கு அப்படியே செங்குத்தாக எழுந்தது. மேலே போனது இறங்கவேயில்லை. அந்த மாலை, இரவு, மறுநாள், அதற்கும் மறுநாள். மலை மாதிரி நின்றது.

“நாலு மணிக்கு நாங்க கெளம்பிட்டோமே!”

“ஆமா. ஆனா நீங்க போன பிறகு எழுபத்திரண்டு மணி நேரமும் உங்க கணக்குதான்.”

“நாங்க இல்லாததுக்கு அவ அழுதா, அதுக்கும் நாங்கதான் காரணமா? என்ன மயி… என்ன சட்டம் இது?” எழுந்து நின்றுவிட்டேன். “மாமா, நல்லாப் பாருங்க. எங்களால அவ கஷ்டப்படல. எங்களத் தேடி அழறா. எங்களத் தேடுறா உங்க பொண்ணு!”

ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அம்மாகூட முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“தேடறான்னா எப்படித் தேடறான்னு தெரியுமா அம்மிணி உனக்கு?” என்றார் ருக்மணி அத்தை. சண்டைக் குரலில் ஆரம்பித்தவர், போகப் போகக் களைத்த குரலுக்கு வந்துவிட்டார். “பீரோவைத் தொறந்து துணிக்குள்ள கைய உட்டுப் பாக்கறா. கட்டலுக்கடியில படுத்துப் பாக்கறா. வாஷிங் மிஷின் மூடியத் தொறந்து தலைய உள்ளார உட்டு, ‘ஊ’ன்னு கூப்பிட்டுப் பாக்கறா. நான் குளிக்கப் போனா கதவுகிட்டயே உக்காந்துக்கறா. இந்த வயசுல நான் கதவத் தொறந்து வெச்சுட்டுக் குளிக்கறனுங்க.”

“தூக்கம் வந்தா விரலால இமையைத் தூக்கிப் பிடிச்சுக்கறா” என்றார் நவநீதன். “தூங்கு கண்ணுன்னா, ‘நீ போயிருவே’ங்கறா.”

பேச்சை மாற்றவோ என்னவோ, அப்பா ஜன்னல் பக்கம் கை நீட்டினார். எதிர் மாடிக் கைப்பிடியில் ஒரு கிளி உட்கார்ந்திருந்தது.

“கண்ணு, அங்க பாரு. கிளி!”

ஆதிரை ஜன்னலைப் பார்க்கவில்லை. சட்டென்று திரும்பி வாசல் கதவைப் பார்த்தாள். பிறகு அம்மாவை, என்னை, அப்பாவை, எண்ணுகிற மாதிரி ஒவ்வொருவராகப் பார்த்தாள். அப்பாவின் வேட்டியை இரண்டு கைப்பிடியாகச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள். விளக்கு மஞ்சளானது.

இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, அதேபோல ஆகிறதா என்று பார்க்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. படித்த புத்தி. வாயை மூடிக்கொண்டேன். தேவையும் இருக்கவில்லை. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

நாங்கள் எப்படிக் கிளம்புவோம் தெரியுமா? எல்லா வீட்டிலும் கிளம்புகிற மாதிரிதான். பிள்ளை பார்த்தால் அழும், கூடவே வருவேன் என்று காலைக் கட்டும், நமக்கும் மனசு ஆறாது. அதனால் நைசாகப் போய்விட வேண்டும். நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நான் அவளைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போவேன். “அங்க பாரு காக்கா” என்பேன். அவள் காக்கா தேடும் நேரத்தில் அம்மாவும் அப்பாவும் சத்தம் வராமல் இருக்கச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குப் போவார்கள். நான் பிள்ளையை ருக்மணி அத்தையிடம் கொடுத்து, “சித்தி தண்ணி குடிச்சிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு நழுவுவேன். பஸ்ஸில் ஏறி, “இன்னைக்கு அழல, பாத்தியா” என்று அம்மா சந்தோஷப்படுவாள். நாங்களும்தான்.

தண்ணீர் குடிக்கப் போன சித்தி திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு பிள்ளை பொறுத்துப் பார்க்கும்? பத்து நிமிஷம். நாலு பத்து.

இது முதலில் நடந்தது எங்கள் சந்திப்பில் இல்லை. பதினாலு மாதத்துக்கு முன்னால், இதே வீட்டில், இதே பால்கனியில். நான் லீவுக்கு அக்காவோடு இருக்க வந்திருந்தேன். அக்கா மாவு அரைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று பிற்பாடு சொன்னார்கள். ஸ்ட்ரெச்சர் வந்தது. “புள்ளையை அங்குட்டுக் கொண்டுபோங்க” என்று யாரோ கத்தினார்கள். நான் தூக்கிக்கொண்டு போனேன். அன்றைக்கு நிஜமாகவே ஒரு காக்கா இருந்தது. “அங்க பாரு காக்கா, ஆதி, காக்காவுக்கு எத்தனை காலு, சொல்லு.” அவள் ரெண்டு என்றாள். அப்போதுதான் எண்ணக் கற்றிருந்தாள். நாங்கள் திரும்பியபோது வீட்டில் அவள் அம்மா இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மின்மயானம். பிஞ்சு மனசு, காட்டாதீர்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அம்மா எங்கே என்று கேட்டதற்கு ஒருவர் ஊருக்கு என்றார், ஒருவர் சாமிகிட்ட என்றார், நான் பேச்சை மாற்றினேன்.

இதை அப்படியே அந்த மேசையில் சொன்னேன். கோவமாகத்தான் ஆரம்பித்தேன். முடிக்கும்போது யார்மேல் கோவப்படுவது என்று தெரியவில்லை.

“நான்கூடச் சொன்னனே” என்றார் ருக்மணி அத்தை. “அழுகாம இருக்கட்டும், பாக்காதப்பக் கெளம்புங்கன்னு நாந்தானே சொல்லிக் குடுத்தேன்.”

“வளையத்துக்கு இது தெரியாதா மேடம்?” என்றார் நவநீதன்.

“அதுக்கு எவ்வளவுன்னு தெரியும் சார். ஏன்னு தெரியாது” என்றார் பெனாசிர். “நீங்க ஆட்சேபம் போடலாம் சுடர்க்கொடி. நியாயம் இருக்கு. ஆனா விசாரணை முடிய ரெண்டு வருஷம், மூணு வருஷம் ஆகுது. அது வரைக்கும் சந்திப்பு இருக்காது.”

“போடலன்னா?”

“இன்னைக்கும் பழையபடி போனீங்கன்னா அறுபதைத் தாண்டும். நிறுத்தம்.”

நவநீதன் அந்தச் சம்மதத் தாளை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “அவ தூங்கினப்பறம் போங்க” என்றார். “மாமா மடியிலயே தூங்கட்டும். நான் மெதுவா வாங்கிப் பக்கத்துல போட்டுக்கறேன். முழிச்சா, நீங்க வந்ததே கனவுன்னு சொல்லிக்கறேன்.” அவர் எங்களுக்காகத்தான் யோசித்தார். அதை மறைக்க மாட்டேன்.

பெனாசிர் கணக்குப் போட்டார். “தூக்கத்துல போனா ஏத்தம் மெதுவா இருக்கும். அம்பத்தெட்டு, அம்பத்தொம்பதுல நிக்கலாம். சந்திப்பு தொடரும்.”

“அப்படியே செய்யலாம்” என்றாள் அம்மா. உடனே. மூச்சு விடாமல். “தூங்க வச்சிருவாரு அவரு. கால்ல போட்டு ஆட்டுனா அஞ்சு நிமிஷம்.”

“அவ முகத்தைப் பாத்துச் சொல்லிட்டுப் போனா என்ன ஆகும்?” என்று கேட்டேன்.

பெனாசிர் டேப்லெட்டைக் கீழே வைத்தார். “அழுவா. சிவப்பு வரும். நீங்க இருக்கும்போதே சிவப்பு வந்தா நான் எதுவும் பண்ண முடியாதுங்க. இன்னையோட நிறுத்தம். ஏழு வயசு வரைக்கும்.”

“மூணு நாள் தேடுவாளா?”

“அது… தெரியல. தேட மாட்டான்னுதான் தோணுது. எங்க போனீங்கன்னு தெரிஞ்சா எதுக்குத் தேடணும்?”

அம்மாவுக்கு என்னைத் தெரியும். “வேண்டாம்டி” என்றாள். “சுடரு, வேண்டாம். நாலு வருஷம்டி. நாலு வருஷம் கழிச்சு நாங்க யாருன்னு அவளுக்குத் தெரியுமா? உங்கப்பன் நெஞ்சு வலின்னு மாத்திரை போடுறாரு, உனக்குத் தெரியாதா? மணியோட மூஞ்சிடி அது. எனக்குன்னு அந்த மூஞ்சி ஒண்ணுதான் மிச்சம்.”

“அதுக்காக அவ இமையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காரணுமா?”

“எல்லாப் புள்ளையும் அழுதுதான் வளருது! நீ ஒண்ணைப் பெத்திருந்தா தெரியும். படிச்சிட்டாளாம், கோட்டப் பாத்துச் சொல்லுறா!”

அவள் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. நான் முடிவு செய்துவிட்டேன், அவ்வளவுதான். அப்பாவைப் பார்த்தேன். அவர் சரி என்று சொல்ல வேண்டும் என்றில்லை, வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாதே என்று இருந்தது.

அப்பா பெனாசிரிடம் கேட்டார். “அந்த வெளக்கு செவப்பானா கையில ஏதும் வலிக்குமாம்மா அவளுக்கு? ஷாக்கு மாதிரி?”

“இல்லங்கய்யா. விளக்கு மட்டும்தான்.”

“சரி” என்றார்.

எழுந்தார். வேட்டியைப் பிடித்திருந்த இரண்டு கைகளையும் விடுவித்தார். விடுவித்த வேகத்தில் பிள்ளையை அக்குளில் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார்.

“சத்தம்…” என்று அம்மா வழக்கம்போல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். ஏனென்றால் அப்பா மார்க்கெட் குரலில் கத்தினார்.

“ஓரம், ஓரம்! மூட்டை வருது, வழிய விடு! பூசணிக்கா ஏமாத்திருச்சு தாயி, இது பதினாலு கிலோ இருக்கும்!”

ஹாலை மூன்று சுற்றுச் சுற்றினார். சோபாவை, மேசையை, பெனாசிரின் நாற்காலியை. ஆதிரை அவர் முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, “அப்புச்சி, இன்னும்! அப்புச்சி, இன்னும்!” என்று கூவினாள். விளக்கு மஞ்சளிலேயே எரிந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. பெனாசிர்கூட.

மீதி நேரமும் அப்படியே விளையாட்டில் போனது. மூன்று ஐம்பதுக்கு அப்பா அவளை இறக்கி என் எதிரே நிறுத்தினார். நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன்.

“ஆதி, சித்தி சொல்றதக் கேளு. அப்புச்சி, அம்மாயி, சித்தி, நாங்க மூணு பேரும் இப்ப ஊருக்குப் போறோம்.”

அவள் பால்கனியைப் பார்த்தாள். “காக்கா?” என்றாள்.

“காக்கா இல்ல. அதெல்லாம் சித்தி சும்மா சொன்னது. இனிமே சொல்ல மாட்டேன்.”

“தண்ணி குடிக்கப் போறியா?”

“இல்ல. ஊருக்குப் போறேன். பஸ்ல ஏறி. நாங்க எங்கயும் ஒளிஞ்சுக்க மாட்டோம். பீரோவுல இருக்க மாட்டோம். கட்டலுக்கு அடியில இருக்க மாட்டோம். வாஷிங் மிஷின்ல இருக்க மாட்டோம். நீ தேட வேண்டியதில்ல. சரியா?”

அவள் யோசித்தாள். மூன்று வயதுக் குழந்தை அப்படி யோசித்து நான் பார்த்ததில்லை.

“அப்ப மிஷின்ல அம்மா மட்டும் இருக்காளா?” என்றாள்.

என் பின்னால் ருக்மணி அத்தை வாயைப் பொத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அவள் எங்களைத் தேடவேயில்லை. நாங்கள் வருவதும் மாயமாவதும் அவளுக்கு அம்மாவை ஞாபகப்படுத்தியது, அவ்வளவுதான். ஆட்கள் மறைந்துபோகிற ஓர் இடம் அந்த வீட்டிலேயே இருக்கிறது, அங்கேதான் அம்மாவும் இருக்கிறாள் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். பதினாலு மாதமாக. எங்களத் தேடுறா என்று எழுந்து நின்று கத்தினேனே, அந்த வாயால் இப்போது பேச வேண்டியிருந்தது.

“அம்மா அங்க இல்ல கண்ணு.”

“பீரோவுல?”

“எங்கயும் இல்ல. அம்மாவுக்குத் தலையில ரொம்ப வலி வந்து செத்துப் போயிட்டா. செத்துட்டா வர முடியாது. அவ ஒளிஞ்சுக்கல. உன்ன விட்டுட்டும் போகல. நீ காக்கா பாத்தப்ப அவளத் தூக்கிட்டுப் போனாங்க. காக்கா காட்டுனது சித்திதான்.”

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு முதலில் கோணியது. அழுகை வர நேரமெடுத்தது. வந்தபோது அது குழந்தை அழுகையாக இல்லை. விளக்கு சிவந்தது. கேழ்வரகு அளவுதான். ஆனாலும் அந்த ஹால் முழுவதும் அதுதான் எரிவதுபோல இருந்தது.

“மூணு அம்பத்தி நாலு” என்று பெனாசிர் முணுமுணுத்தார். டேப்லெட்டில் எழுதிக்கொண்டார்.

நான் அவளைத் தூக்கவில்லை. தூக்கினால் இறக்க மாட்டேன். “சித்தி எப்ப வருவே?” என்று அழுகைக்கு நடுவே கேட்டாள். பொய் சொல்ல இது நல்ல நேரம். நாளைக்கு என்று சொல்லியிருக்கலாம்.

“உனக்கு எத்தனை வயசு, காட்டு.”

மூன்று விரல் காட்டினாள். அதன் பக்கத்தில் என் விரல்கள் நாலை ஒட்டி வைத்தேன்.

“இத்தனை ஆகுறப்ப வருவோம். ரொம்ப நாளாகும். ஆனா வருவோம்.”

நவநீதன் அவளை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். அவள் முகம் வாசலைப் பார்க்காதபடி திருப்பப் போனார், பழக்கம். “திருப்பாதீங்க மாமா. பாக்கட்டும்” என்றேன். கதவை அகலத் திறந்து வைத்தேன்.

வாசலில் அம்மா குனிந்து செருப்பைக் கையில் எடுத்துவிட்டாள். அவளுக்கே தெரியாமல். நான் அதை அவள் கையிலிருந்து வாங்கி, அவள் காலடியில் போட்டேன். அம்மா என் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். “நீ எம்பொண்ணே இல்ல” என்றாள். பிறகு செருப்பில் காலை நுழைத்தாள்.

லிஃப்ட் நின்றிருந்தது. அதன் கதவு மூடினால் ஆள் காணாமல் போய்விடுகிறோம். நான் படிக்குப் போனேன். திருப்பம் வரும்வரை அவள் எங்களைப் பார்க்கலாம். அதற்குப் பிறகு கேட்கலாம்.

செருப்பு மாட்டிய காலால் முதல் படியை ஓங்கி மிதித்தேன். அடுத்ததையும். எனக்குப் பின்னால் அப்பாவும் அப்படியே மிதித்துக்கொண்டு வந்தார், மூட்டை சுமந்து இறங்குகிறவர் மாதிரி. நாலு மாடிக்கும், எங்கே இருக்கிறோம், எவ்வளவு தூரம் போய்விட்டோம் என்று அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும்படி இறங்கினோம்.